பச்சையும் மஞ்சளும்

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் எனப் புதுக்கோட்டை மாவட்டம் கடலைத் தொடும் கரையில் இறால் வளர்ப்போர், நீர்ச்சோதனைத் தாள் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது பச்சை எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்பதைத்தான். குளத்து நீரைத் தட்டில் பரப்பி ஓரிரவு வைத்தால் எழும் வைப்ரியோ என்னும் பாக்டீரியாக் காலனிகளின் நிறங்கள் அவை. பச்சை கண்டால் அச்சம், மஞ்சள் கண்டால் ஆறுதல். ஆயினும் அந்நிறம் நுண்ணுயிரின் குணத்தை மட்டும் காட்டுவதன்று; அது வளர்ந்த தளத்தின் வேதியியலையும் சேர்த்தே காட்டுகிறது.

அத்தளத்தின் பெயர் டி.சி.பி.எஸ். அகர், 1963-இல் சப்பானிய அறிஞர் வகுத்தளித்தது. அதை இறுகச் செய்யும் அகர் கடற்பாசியின் கொடை. நம் பாக் விரிகுடாவில் விளையும் கஞ்சிப்பாசியும் அகர் தருவதே. தளத்தின் பி.எச். அளவு 8.6. நடுநிலையை நாடும் குடல் பாக்டீரியாக்கள் பல இக்காரத்தில் ஒடுங்கிவிட, வைப்ரியோ செழிக்கிறது. மாட்டுப் பித்த உப்புகள் கிராம் நேர் வகைகளின் சவ்வைச் சிதைக்கின்றன. வைப்ரியோவுக்கோ அதன் வெளிச்சவ்வே காப்பு. லிட்டருக்கு 10 கிராம் சோடியம் குளோரைடும் உண்டு. உப்பே இல்லாத ஊடகத்தில் வைப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் வளராது. குளத்தில் வாழும் எண்ணற்ற உயிர்களுள் இவ்வளவு தடைகளையும் கடந்தவை மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகின்றன.

நிறத்தைத் தீர்மானிப்பது சர்க்கரை. லிட்டருக்கு 20 கிராம் சுக்ரோஸ் இத்தளத்தில் உள்ளது. அதை நொதிக்கச் செய்யும் இனம் அமிலத்தை வெளிவிடும். புரோமோதைமால் நீலம் என்னும் சாயம் அமிலம் பட்டு மஞ்சளாகும். நொதிக்க இயலாத பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவே நிற்கும். ஆகவே பச்சை சொல்வது, 'இவ்வுயிர் சுக்ரோசை நொதிக்காது' என்பதை மட்டுமே. இறாலின் கல்லீரல்-கணையத்தை அழிக்கும் நஞ்சுக்கான மரபணு வேறோர் இடத்தில், பிளாஸ்மிட் என்னும் தனி மரபு வளையத்தில் இருக்கிறது. அவ்வளையம் உள்ள பாராஹீமோலிட்டிகசும் இல்லாததும் தட்டில் ஒரே பச்சை. மஞ்சளை நம்பி இருந்துவிடவும் இயலாது: ஒளிரும் வைப்ரியோ ஹார்வேயி சிலவேளை மஞ்சளாகத் தோன்றும், 1992-இல் சென்னையில் வெளிப்பட்ட ஓ139 காலராக் கிருமியும் இத்தட்டில் மஞ்சளே.

காலமும் நிறத்தை மாற்றும் என்பதைப் பண்ணையாளர் அறிந்திருத்தல் மிக வேண்டும். 18 முதல் 24 மணி நேரத்துக்குள் தட்டைப் படிக்க வேண்டும். பிந்தினால் சர்க்கரை தீர்ந்து, உயிர்கள் தளத்திலுள்ள பெப்டோன் என்னும் புரத உணவைச் சிதைக்கத் தொடங்கும். அதனால் எழும் காரம் அமிலத்தை ஈடுசெய்ய, நேற்றைய மஞ்சள் இன்று பச்சையாகும். குளத்தில் எம்மாற்றமும் இராது. தாளில் மட்டும் பேரிடர் தெரியும்.

எனவே சோதனை கேட்போர் தட்டு எத்தனை மணி நேரத்தில் எண்ணப்பட்டது என்றும் கேட்க வேண்டும். பச்சை மிகுந்தால் நஞ்சு மரபணுவைப் பி.சி.ஆர். முறையில் தேடச் செய்ய வேண்டும். அதே நீரை உப்பிட்ட பொதுத்தளம் ஒன்றிலும் பரப்பி எண்ணினால், குளத்தின் பாக்டீரியாக்களுள் வைப்ரியோவின் பங்கு எவ்வளவு என்பதும் தெரியவரும்.