கேரவன் பேட்டரி விரைவில் தீர்ந்துபோவது ஏன்? புதியது வாங்கும் முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: படுக்கை, சமையலறை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுடன் சாலையில் ஓடும் கேரவன் வாகனங்கள் இந்தியச் சுற்றுலாவில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றுள்ளன. கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை அறிவித்தன. வேன்களையும் சிறு பேருந்துகளையும் கேரவனாக மாற்றிக்கொண்டு லடாக், ஸ்பிதி, ராஜஸ்தான் என நெடுந்தொலைவு செல்லும் குடும்பங்களும் உள்ளன.

இவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல், இரவு முழுவதும் உழைக்க வேண்டிய பேட்டரி நள்ளிரவுக்குள் தீர்ந்துபோவதாகும். பேட்டரி பழுதடைந்துவிட்டது என முடிவு செய்து பலரும் உடனே புதியது வாங்கிவிடுகின்றனர். ஆனால் கோளாறு பேட்டரியில் இல்லாமல் வயரிங்கிலோ மின்னேற்றத்திலோ இருந்தால், புதிய பேட்டரியும் சில மாதங்களில் அதே நிலையை அடையும். பல ஆயிரம் ரூபாய் வீணாவதோடு பாதுகாப்புக்கும் கேடு நேரிடலாம். சமையல் எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் கருவி பல கேரவன்களில் இதே பேட்டரியில்தான் இயங்குகிறது.

இரண்டு பேட்டரி, இரண்டு பணி

கேரவனில் பொதுவாக இரு வகை பேட்டரிகள் இருக்கும். முதலாவது என்ஜினை இயக்குவதற்கானது. அது சில விநாடிகளுக்கு மிக அதிக மின்னோட்டத்தை அளித்துவிட்டு உடனே மீண்டும் நிரம்பிக்கொள்ளும். இரண்டாவது, விளக்கு, மின்விசிறி, நீர் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மின்சாரம் அளிக்கும் துணை பேட்டரி. என்ஜினுக்கான பேட்டரியைத் துணை பேட்டரியாகப் பயன்படுத்தினால், அதன் மெல்லிய ஈயத் தகடுகள் ஆழமான மின்னிறக்கத்தைத் தாங்காமல் விரைவில் சிதையும்.

முதலில் அளவிட வேண்டும்

பேட்டரி விரைவில் தீர்வதற்கு மூன்று காரணங்களே உள்ளன. போதிய மின்னேற்றம் கிடைக்காமல் இருக்கலாம். தெரியாமல் எங்கேனும் மின்சாரம் செலவாகலாம். அல்லது பேட்டரியே தேய்ந்திருக்கலாம். இவற்றுள் எது என்பதைக் கண்டறிய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதுமானது.

பேட்டரியை முழுமையாக மின்னேற்றிய பின், சூரிய மின்தகடு உள்ளிட்ட அனைத்து இணைப்புகளையும் துண்டித்து, ஆறு மணி நேரமேனும் ஓய்வில் விட வேண்டும். நல்ல ஈய-அமில பேட்டரி அப்போது சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறக்குறைய பாதி இருப்பைக் குறிக்கும். 11.8 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பேட்டரி காலியானதாகவே கொள்ள வேண்டும். 12.7 வோல்ட் காட்டும் 100 ஆம்பியர்-மணி பேட்டரி, ஐந்து ஆம்பியர் அளவுள்ள சிறு சுமைக்கே இரண்டு மணி நேரத்தில் 12 வோல்ட்டுக்குக் கீழ் சரிந்தால், அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது என்பது உறுதி.

லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெரும்பகுதி தீரும் வரை அவற்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். உள்ளே செல்லும், வெளியேறும் ஆம்பியரைத் தொடர்ந்து கணக்கிடும் கண்காணிப்புக் கருவியே அவற்றுக்கு ஏற்றது.

மறைவான மின்கசிவு

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் தீர்ந்துபோனால், மின்கசிவைத் தேட வேண்டும். எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு, எதிர்முனை கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தால், செலவாகும் மின்னோட்டம் தெரியும். பெரிய இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால், அதன் தொடக்க மின்னோட்டம் மீட்டரின் ஃபியூஸை எரித்துவிடக்கூடும். எனவே அதனைத் தனியே துண்டித்துவிட்டுச் சோதிப்பது, அல்லது நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துவது நல்லது.

அதன்பின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த ஃபியூஸைக் கழற்றும்போது மீட்டரின் அளவு சட்டெனக் குறைகிறதோ, அந்தச் சுற்றில்தான் கசிவு உள்ளது. மியூசிக் சிஸ்டம், ஜி.பி.எஸ். கருவி, யு.எஸ்.பி. சார்ஜர் ஆகியவை அணைத்த நிலையிலும் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் கவனிக்கப்படாதது இன்வெர்ட்டராகும். எதுவும் இணைக்கப்படாத நிலையிலும் அது ஒரு ஆம்பியர் அளவுக்கு எடுக்கக்கூடும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி எனக் கணக்கிட்டால், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியின் பாதி இருப்பு இரண்டே நாளில் தீர்ந்துவிடும். தேவையற்ற நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்து வைப்பதே பல கேரவன்களில் சிக்கலைத் தீர்த்துவிடும்.

மின்னேற்றம் சரியாகக் கிடைக்கிறதா?

அடுத்து, என்ஜின் இயங்கும்போது துணை பேட்டரியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் மின்னேற்றம் நடைபெறுகிறது. ஓய்வு நிலையின் 12.5 வோல்ட்டிலேயே நின்றால், இரு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே, ஃபியூஸ் அல்லது கேபிள் பழுதடைந்திருக்கிறது என்று பொருள். முனைகளில் படியும் வெண்பச்சைத் துருவும், மெல்லிய கேபிளும் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும்.

எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் மின்னழுத்தத்தைத் தாமே ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர்கள் புதிய வாகனங்கள் பலவற்றில் உள்ளன. அவற்றில் சாதாரண ரிலேயை மட்டும் பொருத்தினால் துணை பேட்டரி முழுமையாக நிரம்பாது. அத்தகைய வாகனங்களுக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் அவசியமாகும்.

கூரையில் சமமாகப் படுக்கவைத்த 100 வாட் சூரிய மின்தகடு, நல்ல வெயில் நாளில் சுமார் 25 முதல் 30 ஆம்பியர்-மணி வரை அளிக்கும். தூசியும் மரநிழலும் இந்த அளவைப் பெரிதும் குறைத்துவிடும்.

எவ்வளவு திறன் தேவை?

பேட்டரி தேய்ந்துவிட்டது என உறுதியான பின்னரே புதியதைத் தேர்வு செய்ய வேண்டும். அதற்கு முன் அன்றாடச் செலவைக் கணக்கிடுவது நலம். 12 வோல்ட் அமைப்பில், சிறிய கம்ப்ரசர் குளிர்சாதனப் பெட்டிக்கு 35, மின்விசிறிக்கு 16, விளக்குகளுக்கு 5, நீர் மோட்டாருக்கு 3, கைபேசி மற்றும் மடிக்கணினிக்கு 11 என நாளொன்றுக்கு சுமார் 70 ஆம்பியர்-மணி செலவாகும் எனக் கொள்ளலாம். வெயில் இல்லாத இரண்டு நாள்களைச் சமாளிக்க 140 ஆம்பியர்-மணி வேண்டும்.

ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது அதன் ஆயுளுக்கு நல்லது என்பதால், 280 ஆம்பியர்-மணி கொண்ட தொகுப்பு தேவைப்படும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம் என்பதால் 175 ஆம்பியர்-மணி போதுமானது. குளிரூட்டி இக்கணக்கில் அடங்காது. 1,000 வாட் எடுக்கும் ஏ.சி., இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும்.

எந்த வகை ஏற்றது?

வீடுகளில் இன்வெர்ட்டருக்குப் பயன்படும் டியூபுலர் பேட்டரி மலிவாகவும் எங்கும் எளிதாகவும் கிடைப்பதால், அதையே கேரவனில் பொருத்துவோர் உண்டு. அதன் எடை 50 கிலோவைத் தாண்டக்கூடும். வளைவுகளிலும் குலுக்கலிலும் அமிலம் சிந்தலாம். மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். மக்கள் உறங்கும் மூடிய அறைக்கு அது ஏற்றதல்ல.

ஏ.ஜி.எம். எனப்படும் மூடிய ஈய-அமில பேட்டரியில் அமிலம் சிந்தாது. நீர் ஊற்றவும் தேவையில்லை. பழைய சார்ஜர்களோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆண்டுக்குச் சில பயணங்கள் மட்டுமே செல்வோருக்கு அது பொருத்தமானது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் விலை அதிகம். எனினும் 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரி சுமார் 30 கிலோ எடையிருக்க, இது அதில் பாதிக்கும் குறைவான எடையே கொண்டது. ஆழமாகப் பயன்படுத்தினாலும் ஆயிரக்கணக்கான சுழற்சிகள் உழைக்கும். ஆனால் அதற்கென வடிவமைத்த சார்ஜர் வேண்டும். ஈய-அமில பேட்டரிக்கான சமன்படுத்தும் உயர் மின்னழுத்த மின்னேற்றம் அதற்குத் தீங்கானது.

குளிரும் வெப்பமும்

லடாக், ஸ்பிதி போன்ற பகுதிகளுக்குச் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உறைநிலைக்குக் கீழ் லித்தியம் பேட்டரியில் மின்னேற்றம் செய்தால் அதன் மின்கலங்கள் நிரந்தரமாகப் பழுதடையும். குளிரில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்தும் மேலாண்மை அமைப்போ, உள்வெப்பமூட்டும் வசதியோ உள்ளதா எனக் கேட்டு வாங்க வேண்டும்.

சமவெளியில் வெப்பமே எதிரி. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்தோறும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி. எந்த வகையானாலும் நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் பொருத்துவதும், பழைய பேட்டரியுடன் புதியதை இணைக்காமல் இருப்பதும் அவசியம்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி, பயன்படுத்திய பேட்டரியை வீட்டுக் குப்பையில் சேர்க்கக் கூடாது. அதனைத் தனியே பிரித்து, சேகரிப்பு, புதுப்பிப்பு அல்லது மறுசுழற்சிப் பணியில் ஈடுபடும் அமைப்பிடம் ஒப்படைப்பது நுகர்வோரின் பொறுப்பாகும். புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழைய ஈய-அமில பேட்டரியைக் கொடுத்தால், அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் உள்ளது.