சுவரில் உள்ளதைச் சொல்வது யார்?

காஞ்சிபுரத்துக்கு நீங்கள் எத்தனை தடவை போயிருப்பீர்கள்? கல்யாணப் புடவை எடுக்க ஒரு தடவை, காமாக்ஷி தரிசனத்துக்கு ஒரு தடவை, வரதர் கோயில் கருட சேவைக்கு ஒரு தடவை. ஆனால் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் வருகிற உத்திரமேரூருக்குப் போனதுண்டா? "அங்கே என்ன விசேஷம், புடவையா, இட்லியா?" என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு சுவர் இருக்கிறது.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர் அது. கல் தெரியாமல் எழுத்து. சமீபத்தில் ஒரு நாள் அதன் முன்னே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், கையில் எட்டு வயதுப் பெண்.

"அம்மா, இதிலே என்ன எழுதியிருக்கு?"

"சாமி விஷயம்டி. தொட்டுக் கும்பிட்டுக்கோ."

சும்மா இருந்திருக்கலாம். கல்லூரியில் சரித்திரம் படித்தவள் என்கிற கர்வம் என்னை விடவில்லை. "சாமி விஷயம் இல்லை, கண்ணு" என்று ஆரம்பித்தேன். "முதலாம் பராந்தக சோழனுடைய 12-வது ஆட்சியாண்டிலும் 14-வது ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்..." நிமிர்ந்து பார்த்தேன். குழந்தை ஒரு அணிலைத் துரத்திக்கொண்டு போய்விட்டது! தாயார் மட்டும் மரியாதைக்காகத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அணில் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. நம் சர்வகலாசாலைகளில் வருஷா வருஷம் எத்தனையோ ஆராய்ச்சிகள் நடக்கின்றன. நாலைந்து வருஷம் மாணவனோ மாணவியோ கண் விழித்து எழுதுகிற புஸ்தகத்தைப் பரீக்ஷகர்கள் படிக்கிறார்கள். பிறகு அது அலமாரிக்குப் போகிறது. இப்போது 'சோத்கங்கா' என்று கம்ப்யூட்டரில் ஒரு பொது அலமாரி வந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கலாம், புரிய வேண்டுமே?

இந்தக் கவலை ஆஸ்திரேலியாவில் ஒருவருக்குக் குளியலறையில் தீர்ந்தது என்றால் சிரிப்பீர்கள். 2008-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே குவீன்ஸ்லாந்தில் கடும் வறட்சி. மூன்று நிமிஷத்துக்குள் குளித்து முடியுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பல வீடுகளில் குளியலறைச் சுவரிலே மணற்கடிகாரம் மாட்டியிருந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தலைவராக இருந்த ஆலன் லாஸன் என்ற பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு, 'மூன்று நிமிஷத்தில் குளிக்க முடியுமானால் மூன்று நிமிஷத்தில் ஆராய்ச்சியைச் சொல்ல முடியாதா?' என்று யோசித்தார். அந்த வருஷமே போட்டி வைத்துவிட்டார். 160 மாணவர்கள் வந்தார்கள். 80,000 சொற்கள் கொண்ட ஓர் ஆராய்ச்சியை வாசித்து முடிக்க 9 மணி நேரம் ஆகுமாம். இங்கே 180 விநாடி. திரையில் அசையாத ஒரே ஒரு படம். கையில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. பாட்டுப் பாடவும் கூடாது. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு விநாடி போனாலும் போட்டியிலிருந்து நீக்கம். இன்று 85-க்கும் மேற்பட்ட நாடுகளில், 900-க்கும் அதிகமான பல்கலைக் கழகங்களில் இது நடக்கிறது.

நம் தேசமும் பின்தங்கிவிடவில்லை. மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்ப இலாகா 2018-ல் 'அவ்ஸார்' என்று ஒரு பரிசுத் திட்டம் ஏற்படுத்தியது. டாக்டர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்கள் தங்கள் வேலையைச் சாமானிய ஜனங்களுக்குப் புரியும்படி கட்டுரையாக எழுத வேண்டும். முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். (நாங்கள் வாரா வாரம் இதைத்தான் செய்கிறோம், எங்களுக்கு யாரும் லட்சம் கொடுப்பதாகக் காணோம்!)

இருக்கட்டும். அணில் மதில்மேல் ஏறிவிட்டது. குழந்தை திரும்பி வந்துவிட்டாள். இந்தத் தடவை வேறு முனையிலிருந்து தொடங்கினேன்.

"ஒரு பெரிய குடம். அது நிறைய ஓலை நறுக்கு. ஒவ்வொரு நறுக்கிலும் ஒரு மாமா பேர். ஊரே கூடியிருக்கு. வயசிலே மூத்த பூசாரி எல்லாரும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டறார். அப்புறம் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிடறா. அவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னே தெரியாது. அவன் கையை விட்டு ஒரு ஓலையை எடுக்கறான். அதை வாங்கறவர் எப்படி வாங்கணும் தெரியுமா? ஐந்து விரலையும் விரிச்சு, உள்ளங்கையிலே."

"ஏன்?" என்றாள் குழந்தை.

"விரலிடுக்கிலே வேறே ஓலையை ஒளிச்சு வெச்சுண்டு மாத்திடக் கூடாதே, அதுக்காக!"

குழந்தை தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். ஓலையை வாங்கியவர் உரக்க வாசித்த பிறகு, அங்கே இருந்த பூசாரிகள் அத்தனை பேரும் அதை வாசிக்க வேண்டும் என்பதும் சுவரில் இருக்கிறது. இதுதான் குடவோலை முறை. ஊருக்கு 30 குடும்புகள், அதாவது வார்டுகள். குடும்புக்கு ஒருவராக 30 பேர். 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பழைய பெயர். ஏரியைப் பார்க்கத் தனிக் கமிட்டி வைத்திருந்த ஊர் இது. குவீன்ஸ்லாந்துக்காரர்கள் கவனிக்க!

தாயாருக்கு வேறு விஷயம் வைத்திருந்தேன். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது. அவனோடு போயிற்றா? இல்லை. அவனுடைய பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், கூடப் பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரி புருஷன், சகோதரி பிள்ளை, மருமகன், தகப்பன், மகன் என்று கல்லிலே வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் தடை!

அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்போ ஒருத்தன் பண்ணினா சம்பந்தி வீடு வரைக்கும் போயிடும்னு சொல்லுங்கோ" என்றார். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லியிருக்க முடியாது.

அப்போதுதான் குழந்தை கேட்டாள்: "ஓலையை எடுக்கறது பொண்ணா இருக்கக் கூடாதா?"

'பாலன்' என்றுதான் கல்லில் இருக்கிறது. அதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

பொதுஜனங்களுக்கு ஆராய்ச்சியைச் சொல்வதில் உள்ள சங்கடம் இதுதான், வாசகிகளே. 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டிய விழாவில் பிரதம மந்திரி நரேந்திர மோடி இந்த உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டுப் பேசினார். நமக்கெல்லாம் பெருமைதான். 'உலகத்திலேயே முதல் ஜனநாயகம்' என்று ஒரு மாணவர் மேடையேறி முழங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடத்தில் பெயர் போடுவதற்கு என்ன யோக்யதை கேட்கிறது? பொதுவாகக் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல், 70-க்குள், வேதப் படிப்பு. ஊர், பிராமணர்களுக்கு அளித்த பிரம்மதேயம். அந்த நிலத்தில் இறங்கி உழுதவன் பெயர் குடத்துக்குள் போகவில்லை. என் பெயரும் உங்கள் பெயரும் போயிருக்காது. ஐந்து விரலை விரிக்கச் சொன்ன அதே சுவர்தான் இதையும் சொல்கிறது. மூன்று நிமிஷத்தில் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கு நேரமில்லை என்று இறங்கிவிடுகிறவருக்கு நான் மார்க் போட மாட்டேன்.

சபையில் ஏறிச் சொல்வது நமக்குப் புதிது அல்ல. அரங்கேற்றம் என்ற சொல்லே அதற்குத்தானே இருக்கிறது? தொல்காப்பியர் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் நூலைச் சொன்னார் என்கிறது பாயிரம். காஞ்சிபுரத்திலேயே, குமரகோட்டத்தில், கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்ற உட்கார்ந்தபோது முதல் சொல்லிலேயே ஒருவர் எழுந்து, "இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே?" என்று கேட்டுவிட்டாராம். சபை அன்று கலைந்தது. மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைத் திறந்து விதியைக் காட்டிய பிறகுதான் மேலே நடந்தது என்று கர்ண பரம்பரைக் கதை. முருகனே எடுத்துக் கொடுத்த சொல் என்பார்கள். அப்படியிருந்தும் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

உத்திரமேரூர்ச் சுவருக்கு ஆதாரத்தோடு விளக்கம் எழுதியவர் வெங்கையா. தொல்பொருள் இலாகாவின் 1904-05 வருஷ அறிக்கையில் வெளியாயிற்று. 1932-ல் சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி சோழர் ஆட்சியைப் பற்றிய தம் நூலில் அதை விரிவாக ஆராய்ந்தார். இரண்டும் இங்கிலீஷ். அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பெயர் மீனாக்ஷி. 1905-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் மங்களம்மாள் வளர்த்துப் படிக்க வைத்தார். 1936-ல், பல்லவர் கால ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். சென்னைப் பல்கலைக் கழகத்தில் டாக்டரான முதல் பெண்மணி அவரே. அதன் பிறகு காஞ்சிபுரத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொண்டார். (பெயர் ஒன்றே, உத்திரமேரூர்க் கோயில் வேறு, இது வேறு.) அங்கே பிராகாரச் சுவர் நெடுகச் சிற்பங்கள். அரசன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். ஊர்ப் பெரியோர் அரசனைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஹிரண்யவர்மனின் பிள்ளைகளில் மூத்தவர்கள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுக் கடைசிப் பிள்ளை "நான் போகிறேன்" என்கிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். நம் பத்திரிகையின் படக்கதை மாதிரி கட்டம் கட்டமாக இருப்பதை, எது எந்தச் சம்பவம் என்று ஒழுங்காக எடுத்துச் சொன்னவர் மீனாக்ஷி. 1939-ல் பெங்களூர் மகாராணி கல்லூரியில் வேலை கிடைத்தது. 1940 மார்ச்சில் காலமானார். வயது 34. காஞ்சிச் சிற்பங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தொல்பொருள் இலாகா 1941-ல் வெளியிட்டது. அச்சில் பார்க்க அவர் இல்லை.

இன்று பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டம் பெறுமுன் 'பொது வாய்மொழித் தேர்வு' என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சி மாணவர்களும் விஷயத்தில் அக்கறை உள்ளவர்களும் வரலாம் என்பது விதி. போய்ப் பாருங்கள். மேடைக்கு எதிரே பரீக்ஷகர்கள். பின்வரிசையில், நல்ல புடவை உடுத்தி, மடியில் பையை அணைத்துக்கொண்டு, புரிந்தும் புரியாமலும் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார். கேள்வி நேரத்தில் அந்த வரிசையைப் பார்த்து யாரும் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பதில்லை. அந்த எட்டு வயதுப் பெண்ணை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

அவள் ஊருக்குத் திரும்பும் பஸ் வந்துவிட்டது. படி ஏறும்போது கையை ஆட்டினாள், ஐந்து விரலையும் நன்றாக விரித்து.