பிரஷர் மட்டும் போதாது

கண்ணின் அழுத்தத்தை யாரும் உள்ளே போய் அளப்பதில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சிறு முனையைக் கருவிழிமேல் மெல்ல அழுத்துகிறார்கள். மருத்துவருக்குப் பச்சையாய் இரண்டு அரை வளையங்கள் தெரியும். திருகைத் திருப்பத் திருப்ப அவை நகரும். உள்விளிம்புகள் தொட்டுக்கொள்ளும்போது திருகு காட்டும் எண்தான் நம் ‘பிரஷர்’.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் 1950-களில் வடிவமைத்த கருவி இது. கருவிழியின் மேல் படலமான கார்னியா 3.06 மி.மீ. விட்டத்துக்குத் தட்டையாக எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கிறது. கார்னியாவின் விறைப்பு முனையை வெளியே தள்ளும், கண்ணீரின் பரப்பு இழுவிசை உள்ளே இழுக்கும்; இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. அது பொருந்துவது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு.

எல்லாக் கண்ணும் அப்படி இல்லை. சராசரி 540 மைக்ரான். 480-ம் உண்டு, 620-ம் உண்டு. தடித்த கார்னியா முரண்டு பிடித்து எண்ணைக் கூட்டிக் காட்டும். மெல்லியது சட்டென்று தட்டையாகிக் குறைத்துக் காட்டும். முன்னவர் வீணாகச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளலாம். பின்னவர் பாடுதான் மோசம்: பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது.

அமெரிக்காவில், அழுத்தம் கூடுதலாக இருந்தும் பார்வை நரம்பு கெடாத 1,636 பேரை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். தடிமனை அளக்கும் யோசனை முதலில் இல்லை. ஆள் சேர்த்து முடித்த பிறகு, 1999-ல்தான் தொடங்கினார்கள். 2002-ல் முடிவு வந்தபோது அதுவே முன்னால் வந்து நின்றது. 588 மைக்ரானுக்கு மேல் உள்ளவர்களைவிட, 555-ம் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு நோய் வரும் அபாயம் 3 மடங்கு.

அப்படியானால் இத்தனை மைக்ரானுக்கு இவ்வளவு என்று கூட்டிக் கழித்துவிடலாமே? சூத்திரங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. விறைப்பு தடிமனை மட்டும் பொறுத்ததும் அல்ல. நீர்கோத்து வீங்கிய கார்னியா தடிமனாக இருந்தும் தொளதொளவென்று அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். மெல்லியதா, நடுத்தரமா, தடித்ததா என்று தெரிந்துகொண்டு, நரம்பையும் பார்வைப் புலத்தையும் சேர்த்துப் பார்ப்பதே உருப்படியான வழி.

பேனா போன்ற அல்ட்ராசவுண்ட் முனையால் தொட்டால் சில நொடிகளில் தடிமன் தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு அடிக்கடி அளக்க வேண்டியதில்லை. லேசிக் செய்துகொண்டவர்கள் கதை வேறு. லேசர் கார்னியாவைச் செதுக்கி மெலிதாக்குவதால் சீட்டில் அழுத்தம் 14 என்று இயல்பாகத் தெரிந்தாலும் நம்பி இருந்துவிட முடியாது. அறுவைக்கு முன் எடுத்த தடிமன், அழுத்தக் குறிப்புகள் இருந்தால், அடுத்த பரிசோதனைக்கு அவற்றைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.