அரைப்பேரும் உரையாடற் பொறியும்: மலையகத் தோட்டப் பணியொழுங்கு பற்றிய ஒரு நோக்கு

அண்மைக் காலமாக வர்த்தக நிறுவனங்களின் பணியொழுங்கினுள் 'சாட்போட்' எனப்படும் உரையாடற் பொறிகள் இணைக்கப்பட்டு வருகின்றன. ஒருவர் கைத்தொலைபேசியில் எழுதும் கேள்வியைப் பொறி வாசிக்கின்றது. வேண்டிய விபரங்களைக் கேட்டுப் பெறுகின்றது. பின் பதிவேட்டில் ஒன்றை மாற்றுகின்றது அல்லது ஓர் அலுவலருக்கு அனுப்புகின்றது. இது தொழில்நுட்ப விடயமாகவே பேசப்படுகின்றது. ஆயின், உற்பத்தி உறவுகளில் வெவ்வேறு இடங்களில் நிற்கும் இரு தரப்பாரிடையே நிகழ்வதே உரையாடல். யார் கேட்பவர், யார் விடையளிப்பவர், எவ்விடைக்கு ஏட்டில் இடமுண்டு என்பன முன்னரே எழுதி வைக்கப்படும்போது, அது இலக்கிய மாணவருக்கும் உரிய ஆய்வுப்பொருளாகின்றது.

நாம் ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. முன்கூட்டி எழுதிய உரையாடலைக் கொண்டு வேலை நடத்தும் முறை அங்கு கணனிக்கு வெகுகாலம் முன்னரே நிலவியது. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியிலே, புதிதாக வந்த சின்னத்துரைமாருக்கெனத் தமிழ்க் கைநூலொன்று கொழும்பில் அச்சாயிற்று. அதன் தலைப்பே 'இங்கே வா' என்பதுதான். 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. தமிழ் கற்பிக்க வந்த இந்நூல்களில் ஏவல் வினையே முதன்மை பெறுகின்றது. துரை சொல்ல வேண்டியதைச் சொல்லித் தருவதே அவற்றின் நோக்கம். தொழிலாளி தானாக ஒரு பேச்சைத் தொடங்கினால் என்செய்வது என்பது அவற்றின் அக்கறையன்று. தொழிலாளியின் பேச்சு கங்காணி வழியாகவும் கணக்கப்பிள்ளை வழியாகவுமே மேலே சென்றது. சென்ற இடத்தில் அது 'செக்றோல்' ஏட்டின் ஒரு கட்டத்துள் அடங்க வேண்டியதாயிற்று. தொழிலாளியின் கடனைக் குறித்துத் தோட்டத்துக்குத் தோட்டம் அவரைப் பின்தொடர்ந்த 'துண்டு' என்னும் கடிதமும் இவ்வொழுங்கின் ஓர் உறுப்பே. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது.

இனிப் பொறியின் அமைப்பை நோக்குவோம். 1966இல் வைசன்பாம் எழுதி வெளியிட்ட 'எலிசா' என்னும் நிரல், பேசுபவரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்கியது. (அதனோடு மனந்திறந்து பேசியோரைக் கண்டு அதிர்ந்த அவரே, 1976இல் கணனி வழிபாட்டைக் கண்டித்து நூலெழுதினார்.) இன்றைய வர்த்தகப் பொறிக்கு இரண்டு பொறுப்புகள் உள. பேசுபவரின் நோக்கம் யாதெனக் கணித்தல் ஒன்று. அந்நோக்கத்தை நிறைவேற்றத் தேவையான விபரங்களை ஒவ்வொன்றாக நிரப்புதல் மற்றொன்று. விபரம் நிறைந்ததும் பணியொழுங்கு அடுத்த படிக்குச் செல்லும். நோக்கம் பிடிபடாவிடில் 'விளங்கவில்லை, மீண்டும் கூறவும்' என்னும் கிளைக்குத் திரும்பும். வடிவமைப்பவர் எண்ணிப் பார்க்காத யாவும் வந்து விழும் இடம் இக்கிளையே.

எடுத்துக்காட்டாக, சம்பளக் கணக்குப் பற்றிய முறைப்பாடுகளைப் பெறுதற்கு ஒரு தோட்டம் இத்தகைய பொறியை அமைப்பதாகக் கொள்வோம். பொறி முதலிற் கேட்பது பெயரை. கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர், "எனக்கு நேத்து அரைப்பேர்தான் போட்டிருக்காங்க" என்று எழுதுகின்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஏட்டிற் பதிவதே 'பேர் போடுதல்'. குறித்த நிறைக்குக் கொழுந்து தேறாதவருக்கு விழுவது 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். பொதுத் தமிழில் மட்டும் பயின்ற பொறிக்கோ 'பேர்' என்பது ஆளின் பெயர். அது முறைப்பாட்டையே பெயராகப் பதிந்துகொண்டு, எந்த இடத்தில் வேலை செய்தீர் என அடுத்த கேள்விக்குப் போய்விடும். அவர் 'நாலாம் நம்பர் மலை' என்பார். அம்மலை தேயிலை நிரையுள்ள வேலைக்காணி என்பதும் அதற்குத் தெரியாது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தபோது, இச்சொற்களையெல்லாம் அவற்றின் வலியோடு ஏட்டிற்குக் கொணர்ந்தார். பொறிக்குப் பயிற்சித் தொடர் எழுத அமர்வோர் அத்தொகுப்பை வாசிப்பதிலிருந்து தொடங்குவது நன்று என்பது நமது துணிபு.

இது சொற்பொருள் மயக்கம் மட்டுமன்று. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதே பல தோட்டங்களிற் பிணக்காயிற்று. சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழிக்கப்படும் நிறையோ பழைய வழக்கு. மின்னணுத் தராசு வந்த இடங்களிலும் கழிவைத் தீர்மானிப்பது தராசு அன்று. ஆகவே முறைப்பாட்டுக்கு வேண்டிய விபரங்களுள் கழித்த நிறை எவ்வளவு, கழித்தமைக்குச் சொன்ன காரணம் யாது என்னும் இரண்டும் இடம்பெறல் வேண்டும். நிறுவனமே பட்டியலை எழுதினால் இவ்விரண்டும் விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம். 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ், தொழிலாளி கருவியைக் கையாளும் நிலை மாறி இயந்திரம் தொழிலாளியைக் கையாளும் நிலை தோன்றியதை விளக்கினார். விடைகளின் எல்லையைப் பொறியே வகுக்கும் உரையாடலிலும் அத்தகைய தலைகீழ் நிலையைக் காண்கின்றோம்.

கால எல்லையும் கவனிக்கத்தக்கது. சில நிமிடம் விடை வராவிடில் உரையாடலை முடித்துவிடுமாறு பொறிகளை அமைப்பது வழக்கம். மலையில் நிற்பவரின் கையில் கொழுந்து இருக்கும். தொலைபேசி லயத்தில் இருக்கும், அதுவும் குடும்பத்துக்கு ஒன்றாக. வாட்ஸ்அப் வழியாக நிறுவனம் தன் விருப்பப்படி பதில் எழுதுதற்கும் பயனரின் இறுதிச் செய்தியிலிருந்து 24 மணி நேரமே உண்டு. அதன்பின் முன்னனுமதி பெற்ற வாசகங்களையே அனுப்பலாம். விசாரணை மூன்று நாள் எடுக்குமாயின், முடிவைக் கூறும் வாசகத்தை முதலிலேயே தமிழில் எழுதி அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். எழுத்துப் பழக்கம் குறைந்தோருக்குக் குரற்பதிவும் ஏற்கப்படல் வேண்டும்.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், 2020 ஏப்ரலில் கொள்ளைநோயின் நெருக்கடியிற் சில நாட்களுக்குள் கணனிவழி ஏலமாக மாறியது. விற்பனை முனையில் இவ்வளவு விரைவு இயலுமாயின், நிறுவை முனையில் ஒவ்வொரு நிறுவையும் கழிவும் அன்றே பறித்தவரின் தொலைபேசிக்குத் தமிழிற் செல்லுமாறு செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை.

எஞ்சியிருப்பது மனிதரிடம் கையளிக்கும் படி. பொறிக்கு விளங்காத முறைப்பாடு தோட்டக் காரியாலயத்துக்கு மட்டும் சென்றால், அது அரைப்பேர் போட்டவரின் மேசைக்கே திரும்பி வரும். அதே செய்தி, அதே வேளையில், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் செல்லுமாறு இணைப்பதற்குப் பணியொழுங்கில் மேலதிகமாக ஒரேயொரு கிளை போதும்.