ஜாஸ் படிக்க எந்தக் கல்லூரி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதும் பையன்களுக்கும், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஜாஸ் இப்போது தூரத்துச் சங்கதி இல்லை. போனிலேயே எல்லாம் கேட்கிறார்கள். ‘இதையே பட்டமாகப் படிக்க முடியுமா?’ என்பது அடுத்த கேள்வி. முடியும். ஆனால் கல்லூரியைத் தப்பாகத் தேர்ந்தால் பணமும் போகும், வருஷமும் போகும்.

முதலில், அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பேண்டு செட்டில் சினிமாப் பாட்டின் மெட்டைக் காதால் பிடித்து அப்படியே ஊதுகிறோம். ஜாஸில் மெட்டு தொடக்கத்தில் ஒரு முறை வந்து போய்விடும். பிறகு அதன் அடியில் ஓடும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டம்) வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு அவரவர் கற்பனையில் வாசிக்க வேண்டும். பன்னிரண்டு பார் புளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாருக்கு நாலு எண்ணிக்கை, ஆக 48. முதல் நாலு பார் ஒன்றாம் கார்டு. அடுத்த இரண்டு நாலாம் கார்டு. மறுபடி இரண்டு பார் ஒன்று. பிறகு ஐந்து ஒரு பார், நாலு ஒரு பார். கடைசி இரண்டு திரும்பவும் ஒன்று. இந்தச் சுற்று ஆவர்த்தனம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். கல்பனாஸ்வரம் பழகியவருக்கு எடுப்பில் வந்து சேரும் கணக்கு புதிதல்ல. காலடியில் கார்டு மாறிக்கொண்டே இருப்பதுதான் புதிது. காதுப் பயிற்சி, ஹார்மனி, நொட்டேஷன் வாசிப்பு, வாரம் ஒரு தனி வகுப்பு, சிறு குழுவிலும் பிக் பேண்டிலும் வாசிப்பு என்று நாலு வருஷமும் பெரும்பாலும் இதற்காகத்தான்.

ஜாஸுக்கு முதன்முதலில் பட்டப்படிப்பு தொடங்கியது டெக்ஸாஸின் டென்டன் ஊரில், இன்று வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் எனப்படும் இடத்தில், 1947-ல். பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரி 1945-ல் பிறந்தது. நம் ஊரில் அதிகம் காதில் விழும் பெயர் பெர்க்லிதான்; 2014-ல் ஏ.ஆர். ரகுமானுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த கல்லூரி. ஆனால் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா வட டெக்ஸாஸில் சேர்ந்து, அங்கிருந்து பெர்க்லிக்கு மாறி, முதுகலைக்கு சிகாகோவின் டீபால் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். பிறகு கதிரி கோபால்நாத்தோடு சேர்ந்து ‘கின்ஸ்மென்’ இசைத்தட்டு செய்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் இயற்பியலும். ஜாஸ் பட்டமே வாங்காத அவர் 2014 முதல் ஹார்வர்டில் இசைப் பேராசிரியர். கிதார் கலைஞர் ராணிப்பேட்டை பிரசன்னா சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் முடித்துவிட்டுத்தான் பெர்க்லிக்குப் போனார்.

இன்னொரு வழி இருக்கிறது; எனக்குப் பிடித்தது அதுதான். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960-களிலிருந்தே கர்நாடக இசை சொல்லித் தருகிறார்கள். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் அங்கேதான் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். நம்முடைய பழைய ஜில்லாவின் பெயரைத் தன் பெயரிலேயே வைத்திருந்த ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்க ஆசிரியராக இருந்தார். மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு 1976-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் மிருதங்கம் அவருடையது. கையில் ஏற்கெனவே நாதஸ்வரமோ தவிலோ இருக்கும் பிள்ளைக்கு, அதையும் மதிக்கிற பல்கலைக்கழகம் முழுநேர ஜாஸ் பள்ளியைவிட நல்ல இடமாக அமையலாம்.

பட்டத்திலும் இரண்டு வகை. அமெரிக்காவில் ‘பேச்சலர் ஆஃப் மியூசிக்’ என்றால் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இசை. ‘பி.ஏ.’ என்றால் இசை மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மிச்சம் கணினியோ பொருளாதாரமோ படிக்கலாம். திரும்பி வந்து வேலை தேடப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதுதான் தோது.

பணம்தான் பெரிய தடை. அமெரிக்கத் தனியார் இசைக் கல்லூரிகளில் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 40 ஆயிரம் டாலரைத் தாண்டும். கல்விக் கடனில் ஈடு இல்லாமல் 7.5 லட்சம் ரூபாய் வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் சொத்து கேட்பார்கள். இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் திகைத்து நிற்பது. கரிசல் காடு பத்து ஏக்கர் இருந்தாலும், கடன் நின்றுபோனால் விவசாய நிலத்தை ஜப்தி செய்ய சர்பாசி சட்டத்தில் இடமில்லை என்பதால் பெரும்பாலான வங்கிகள் அதை ஈடாக ஏற்பதில்லை. வீட்டுப் பத்திரம் வேண்டும். ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் ஜெர்மன் மொழி தெரிய வேண்டும், நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் நேரில் போய் வாசிக்க வேண்டும், விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக ஏறத்தாழ 12 ஆயிரம் யூரோவை முன்கூட்டியே கணக்கில் காட்ட வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். என் வாத்தியத்துக்கு வாரா வாரம் யார் சொல்லித் தருவார்? விளம்பரத்தில் படம் போட்டிருக்கும் பெரிய வித்துவானா, அவருடைய மாணவரா? அதே வாத்தியத்தில் எத்தனை பேர்? நாற்பது சாக்ஸபோன்காரர்கள் இருக்கும் இடத்தில் பிக் பேண்டில் உட்காரும் நாற்காலி ஐந்துதான். முதல் வருஷத்திலேயே குழுவில் சேர்ப்பார்களா? உதவித்தொகை நாலு வருஷமும் உண்டா, முதல் வருஷத்தோடு சரியா? கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அதற்கு முன் இங்கேயே செய்ய வேண்டியது நிறைய. விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது; 12 முதல் 25 வயதுக்காரர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு. ஜாஸ் கிடையாது, ஆனால் தாளம் கெட்டிப்படும். லண்டன் டிரினிட்டி தேர்வுகளில் சாக்ஸபோன், கிளாரினெட்டுக்கு ஜாஸ் பாடத்திட்டமே தனியாக உண்டு. சென்னையில் ரகுமான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்திய இசையின் அடிப்படையைக் கற்கலாம். முழு ஜாஸ் படிப்பை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு டிசம்பர் வாக்கில் விண்ணப்பம், கூடவே ஒரு புளூஸும் ஒன்றிரண்டு ஜாஸ் பாட்டும் வாசித்த வீடியோ. தேர்வானால் ஜனவரிக்குப் பிறகு ஆடிஷன், ஏப்ரலுக்குள் முடிவு. தறிச் சத்தம் இல்லாத அறையில், வெட்டி ஒட்டாமல் ஒரே எடுப்பில் பதிவு செய்யுங்கள். பிளஸ் ஒன்னிலேயே பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் மிச்சம்.