குழாயடிக்கு என்ன குறிச்சொல்?

தெருவோரம் ஒரு குழாய் இருக்கிறது. அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஒரு கணக்கு தொடங்கினால் போதும். ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் பிரிட்டனில் தொடங்கிய இது, பார்க்கத்தான் வரைபடம். உள்ளே மாபெரும் தரவுத்தளம். அதிலுள்ள புள்ளி கிணறா கோயிலா, கோடு சாலையா ஓடையா என்று சொல்பவை பயனர்கள் எழுதும் குறிச்சொற்கள்தாம்.

குறிச்சொல்லில் இரண்டு பாகம்: வகை, அதற்கான மதிப்பு. ஒவ்வொன்றும் 255 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். ஒரே பொருளுக்கு ஒரே வகையை இருமுறை எழுத முடியாது. தளம் போடும் தடை ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் பழகிப் பழகி வந்த வழக்கம். ‘கலர்’ என்பதை ஒருவர் அமெரிக்க முறையிலும் இன்னொருவர் பிரிட்டிஷ் முறையிலும் எழுதினால், தேடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். அதனால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

குழாய்க்கு வருவோம். குடிக்கத் தகுந்த நீர் என்றால் ‘அமெனிட்டி’ வகையில் ‘டிரிங்கிங் வாட்டர்’ என்று குறிக்க வேண்டும். குடிக்க முடியாத நீர் என்றால் ‘மேன் மேட்’ வகையில் ‘வாட்டர் டேப்’. கூடவே ‘டிரிங்கிங் வாட்டர்’ என்ற வகைக்கு ‘நோ’. வெயிலில் நடந்து வந்து கைப்பேசியில் தண்ணீர் தேடுபவரின் வயிற்றை அந்த ஒரு ‘நோ’ காப்பாற்றும்.

புதிய குறிச்சொல் வேண்டுபவர் திட்டத்தின் விக்கியில் முன்மொழிவு எழுதலாம். குறைந்தது இரண்டு வாரம் விவாதம், பிறகு இரண்டு வாரம் வாக்கெடுப்பு. தேறினாலும் அது கட்டளை ஆகிவிடாது. வாக்கெடுப்புக்கே போகாமல், புழங்கிப் புழங்கி நிலைத்துவிட்ட சொற்களும் ஏராளம். எந்தச் சொல் எத்தனை முறை பயன்பட்டிருக்கிறது என்பதை டேக்இன்ஃபோ தளம் காட்டும். புதுச் சொல் படைக்கும் முன் அங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புழக்கம் முந்தி, விதி பிந்தி. இந்த வரிசைதான் சரி என்பேன். உலகத்தின் அத்தனை வகைக் கடைகளையும் நீர்நிலைகளையும் மேசைமுன் உட்கார்ந்து முன்கூட்டியே பட்டியலிட யாரால் முடியும்?

ஆனால் ஒன்றில் மட்டும் இளகக் கூடாது. நான் எழுதியது சரியா என்று இன்னொருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். திரையில் மணல் நிறம் வரட்டுமென்று வாலிபால் மைதானத்தைக் கடற்கரை என்று குறித்தால், கடற்கரை தேடி வருபவர் வலைக்கம்பத்தின் முன் நிற்பார். போகிமான் கோ விளையாட்டு இந்தத் தரவைப் பயன்படுத்துகிறது. கடற்கரையில் தோன்றும் விக்லெட் என்ற உயிரியைப் பிடிக்க 2024இல் ஆட்டக்காரர்கள் சிலர் கடலே இல்லாத இடங்களில் கடற்கரை வரைந்துவிட்டார்கள். அவற்றைத் தேடி அழிக்கும் வேலை தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது.

ஊர்ப் பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம். ‘நேம்’ என்ற வகையை அடுத்து முக்காற்புள்ளி, பிறகு தமிழின் மொழிக்குறியான ‘டிஏ’. இங்கும் பெயர்ப்பலகையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். அதை நின்று படித்து எழுத உள்ளூர்க்காரரைவிடப் பொருத்தமானவர் இல்லை.