விரலுக்கு வராத தமிழ்

கோயில் ஆண்டுக்கூட்டம் நடக்கிறது. தலைவர் தமிழில் பேசுகிறார். பொருளாளர் கணக்கைத் தமிழில் வாசிக்கிறார். பின்வரிசையிலிருந்து எழுந்து நின்று "அந்தக் கூரை வேலை என்ன ஆச்சு?" என்று கேட்பவரும் தமிழில்தான் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்து உறுப்பினர்களுக்குக் கூட்டக் குறிப்பு வருகிறது. ஆங்கிலத்தில்!

செயலாளருக்குத் தமிழ் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவர், எஸ்.பி.எம். தேர்விலும் தமிழ் எடுத்தவர். பேனாவைக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுவார். கணினி முன் உட்கார்ந்தால்தான் சிக்கல். 'ள' எங்கே, 'ற' எங்கே, இந்தப் புள்ளி ஏன் வரமாட்டேன் என்கிறது என்று தேடித் தேடி, அரைப் பக்கத்தில் அலுத்துப்போய் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் இதே கதை. குடும்பப் புலனக் குழுவிலோ தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். இவர்களில் பலரிடம் குறைவது மொழிப்பற்று அன்று. விரலுக்குப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். பழக்கம் என்றால் அதைப் பழகிக்கொள்ள முடியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'வணக்கம்' என்ற சொல்லை நம்மில் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையில் அடிக்கிறோம். அஞ்சல் விசைமுகம் அப்படிப்பட்டது. எட்டு ஆங்கில எழுத்து. நடுவில் 'ண' வேண்டும் என்பதால் ஷிப்ட் விசை ஒன்று. ஆக ஒன்பது தட்டல். தமிழ்99 விசைமுகத்தில் இதே சொல் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டலில் முடிகிறது. 'க' விசையை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடும்.

மூன்று தட்டல் மிச்சம் என்பது பெரிய விஷயமா? ஒரு சொல்லுக்கு இல்லை. ஒரு பக்கத்துக்கு உண்டு. ஆனால் தட்டல் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. ஒலிபெயர்ப்பு முறையில் நம் மனம் ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தாக உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, திரையில் வந்த தமிழ் சரியா என்று மறுபடி பார்ப்பது மூன்று வேலை. வேகம் போவது அங்கேதான்.

இரண்டு விசைமுகங்கள் எப்படி வந்தன?

தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியில் அத்தனைக்கும் விசை வைக்க முடியாது. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாவுக்கு வேலைக்கு வந்த இரா. முத்தையா. நம் மண்ணில் உழைத்த ஒருவர்தான் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று போற்றப்படுகிறார் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சில விசைகளைத் தட்டினால் உருளை நகராமல் அதே இடத்தில் நிற்கும். புள்ளியை அடித்துவிட்டு அதன் கீழேயே எழுத்தைப் பதிக்கலாம். அந்தப் பொறியில் எழுத்தைக் கண்ணால் பார்க்கும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று.

கணினி வந்தபோது நிலைமை மாறியது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் தொடங்கிய முரசு மென்பொருள் முரசு அஞ்சலாக வளர்ந்தது. ஆங்கிலத் தட்டச்சு அறிந்தவர் அதே விரல் பழக்கத்தோடு அன்றைக்கே தமிழ் எழுதத் தொடங்கலாம் என்ற வசதியை அஞ்சல் விசைமுகம் கொடுத்தது. ஆனால் அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு விசை அமைப்பு, ஒரு குறியீடு. இங்கே அடித்தது அங்கே திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இதை ஒழுங்குபடுத்தும் பேச்சு 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97 மாநாட்டில் சூடுபிடித்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு, தமிழக அரசு அறிவித்த பொது விசைமுகம்தான் தமிழ்99. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்று பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசியதன் பலன் அது. அதைத் தமிழ்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

பலகையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

தமிழ்99-இல் உயிரெழுத்து பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். 'வ', 'ங' இரண்டு மட்டும் இடக்கை ஆள்காட்டி விரலுக்குப் போகின்றன. ஒரு மெய், ஓர் உயிர் என்று தட்டினால் உயிர்மெய் பிறக்கும். க, இ என்றால் 'கி'. க, ஒ என்றால் 'கொ'. பள்ளியில் படித்த 'க் + இ = கி' என்ற அதே பாடம்தான்.

நடு வரிசையில் இடக்கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலக்கைக்கு க, ப, ம, த, ந, ய. 'அ'வுக்கு நேர் மேலே 'ஆ', 'இ'க்கு மேலே 'ஈ', 'உ'வுக்கு மேலே 'ஊ', 'எ'க்கு மேலே 'ஏ'. குறிலைக் கற்றால் நெடில் தலைக்கு மேலே இருக்கிறது. ஒ, ஓ, ஔ மூன்றும் கீழ் வரிசை. எல்லா விசைப்பலகையிலும் எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். எஃப் மேட்டில் இருப்பது புள்ளி. தமிழில் அடிக்கடி தேவைப்படும் அந்த விசையை இடக்கை ஆள்காட்டி விரலுக்கு அடியிலேயே வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். குறையும் உண்டு. 'ஆ' இடக்கைச் சுண்டு விரலுக்கு வருகிறது. தமிழில் 'ஆ' கொஞ்சமாகவா வருகிறது? முதல் சில நாள் அந்த விரல் முரண்டு பிடிக்கும்.

புள்ளி தானாக விழும் இன்னோர் இடம் இன எழுத்துகள். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் எழுத்து மெய்யாகிவிடும். 'தம்பி'க்கு த, ம, ப, இ போதும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே 'அ'வைத் தட்ட வேண்டும். 'பப்பாளி' அடிக்கும்போது இது தேவைப்படும். ப, அ, பிறகு ப, ப, ஆ. இந்த ஒன்று தெரியாமல் 'ப்ப' வந்து நிற்பதைப் பார்த்துத் தமிழ்99-ஐயே கைவிட்டவர்கள் உண்டு.

யாருக்கு எது? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளி மாணவருக்குத் தமிழ்99தான். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி விசை என்று இருக்கும்போது, எந்த எழுத்து என்று பிள்ளை நினைத்துத்தான் தட்ட வேண்டும். சொல்லைக் கருவியே ஊகித்துக் கொடுக்கும் முறைகளில் அந்த நினைப்புக்கு வேலையில்லை. முதலில் வந்த சொல்லைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெரியவர்களில், ஆங்கிலத்தில் பார்க்காமலே வேகமாக அடிப்பவராக இருந்து, மாதத்துக்கு ஒரு தமிழ்க் கடிதம்தான் எழுதுகிறீர்கள் என்றால் அஞ்சலிலேயே இருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் தமிழ் அடிக்க வேண்டிய ஆசிரியரோ செயலாளரோ எழுத்தாளரோ என்றால் மாறுவது வீண்போகாது. பழைய தட்டச்சுப் பொறியில் கைதேர்ந்த மூத்தவர்கள் எதையும் மாற்ற வேண்டாம். அந்த அமைப்பும் இன்றைய கணினியில் கிடைக்கிறது.

பயிற்சி

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைக்க வேண்டாம், விரல் அப்படிக் கற்பதில்லை. முதல் வாரம் நடு வரிசையை விட்டு நகரக்கூடாது. அந்த வரிசையிலேயே முழு வாக்கியம் எழுத முடியும்: இந்தப் புத்தகம் புதிது. இடைவெளியோடு இருபது தட்டல். ஒலிபெயர்ப்பில் இதற்கே இருபத்தாறு ஆகும். அது, எது, பத்து, முத்து, உப்பு, கத்தி, நதி, பகுதி, தகுதி, நிம்மதி, முகம் என்று இன்னும் நிறையச் சொற்கள் நடு வரிசையில் இருக்கின்றன. இரண்டாம் வாரம் மேல் வரிசை, மூன்றாம் வாரம் கீழ் வரிசை.

விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கீழேயே போகும். விசைமுகப் படத்தை அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். சந்தேகம் வந்தால் படத்தைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள். பார்க்காமல் அடிப்பதன் பலம் 1888-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியில், விசைகளை மனத்தில் பதித்துக்கொண்டு பத்து விரலாலும் அடித்த பிராங்க் மெக்கரின் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர், லூயி டிராப் என்பவரைத் தெளிவாக வென்றார். பிட்மன் தேர்வுக்குத் தட்டச்சு வகுப்புக்குப் போன நம் அக்காமார்களுக்கு, விசையை மூடிவைத்து அடிக்கச் சொன்ன ஆசிரியர்கள் நினைவுக்கு வரலாம்.

பத்து விரலும் கட்டாயமா? பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முறையாகப் பயிலாமல், குறைந்த விரல்களால் அடிப்பவரும் பயின்றவருக்கு இணையாக வேகம் காட்டினார்கள். ஒரு விசையை எப்போதும் ஒரே விரலால் தட்டுவதுதான் முக்கியமாக இருந்தது. 2018-இல் அவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 1,68,000 பேர் கலந்துகொண்டார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 52 ஆங்கிலச் சொற்கள். வேகமாக அடித்தவர்களே பிழையும் குறைவாகச் செய்தார்கள். ஒரு விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்ததை அழுத்தும் பழக்கமும் அவர்களிடம் அதிகம். தமிழ்99-இல் மெய்க்கு வலக்கை, உயிருக்கு இடக்கை என்று கை மாறி மாறி வருவதால், இந்தப் பழக்கம் கைகூடுவது எளிது என்பது என் எண்ணம்.

பிழையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஒரு தவறான தட்டலுக்கு விலை மூன்று தட்டல். தவறு ஒன்று, அழிப்பது ஒன்று, சரியானது ஒன்று. தமிழில் இன்னும் கொஞ்சம் கூடும். பல கருவிகளில் 'கொ'வை அழித்தால் முதலில் கொம்பும் காலும் போய், 'க' மட்டும் மிஞ்சி நிற்கும். எத்தனை முறை அழிப்பது என்று தெரியாமல் கூடுதலாக ஒன்றை அழித்துவிடுவோம். அதனால் முதல் மாதம் வேகத்தை மறந்துவிடுங்கள். பிழை வராத வேகம் எதுவோ அதுவே உங்கள் வேகம்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம். இணையத்தில் வரும் வேகத் தேர்வுகளில் ஐந்து தட்டலை ஒரு சொல் என்று கணக்கிடுவது வழக்கம். அது ஆங்கிலத்துக்கு ஏற்ற கணக்கு. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். தமிழ்99-இல் அதற்கு 23 தட்டல். அந்தக் கணக்குப்படி கிட்டத்தட்ட ஐந்து சொல்! நிமிடத்துக்கு 15 தமிழ்ச் சொல்தான் வருகிறது என்று மனம் ஒடிந்து போகாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு பத்தியை ஐந்து நிமிடம் அடியுங்கள். அடித்த வரிகளை எண்ணி நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் அதே பத்தியை மறுபடி அடியுங்கள். ஒப்பிட வேண்டியது உங்களோடு உங்களையே.

"இப்போதுதான் பேசினால் கைப்பேசியே எழுதிவிடுகிறதே" என்று கேட்பீர்கள். முதல் வரைவுக்கு அது நல்ல உதவிதான். ஆனால் ஒற்று விட்டுப்போவதையும், பெயர்கள் சிதைவதையும், பேச்சுவழக்கு அப்படியே விழுவதையும் கையால்தான் திருத்த வேண்டும். அதற்கும் விரல் வேண்டும்.

பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11 கணினியில் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால், விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். மேக் கணினியிலும் ஐபோனிலும் இரண்டும் உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு முத்து நெடுமாறனின் செல்லினம் இருக்கிறது.

மூன்று வரிசையும் முடிந்த பிறகு நான்காம் வாரத்துக்கு ஒரு வேலை மிச்சமிருக்கும். தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் மேல் வரிசை இடக்கைப் பக்கம், ஷிப்ட் விசையோடு வரும். முறையே ஆ, ஈ, ஊ, ஐ இருக்கும் விசைகள். தூய தமிழ் எழுதுபவருக்கு இவை தேவைப்படாமல் போகலாம். ஆனால் ஜொகூர் பாருவுக்கும் ஷா ஆலமுக்கும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டிய செயலாளர், நான்காம் வாரத்தில் முகவரிப் பட்டியலையே பயிற்சித்தாளாக வைத்துக்கொள்ளலாம்.